நஞ்சன்கூடு கோர்ட்டும் அதன் காகிதக் கட்டுகளும்

நிறுவன வரலாறு எழுத உட்காருகிறவர்கள் அடிக்கல்லில் தொடங்குவது வழக்கம். எந்த மகாராஜா, எந்த மந்திரி, எந்தத் தேதி. மைசூரு மாவட்டத்து நஞ்சன்கூடு கோர்ட்டைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது நானும் அப்படித்தான் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். நடுவில் எங்கள் தெரு அக்கா ஒருவர் வந்து, "தம்பி, எங்க மாமனார் காலத்து பாகப்பிரிவினை டிக்ரி ஒண்ணு எடுக்கணும். கோர்ட்டுக்குக் கூட வர்றியா?" என்று கேட்டார். போனேன். வாசலில் பதித்த கல்லைவிட, உள்ளே ரெக்கார்ட் ரூமில் துணி சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கும் கட்டுகளில்தான் ஒரு கோர்ட்டின் வரலாறு அதிகம் கிடக்கிறது என்று அன்றைக்குப் பட்டது. ஆகவே இந்தக் கட்டுரை கொஞ்சம் கட்டடத்தைப் பற்றியும், நிறையக் காகிதத்தைப் பற்றியும் இருக்கும்.

அக்காவின் மாமனார் சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து திம்பம் மலையேறி, சாம்ராஜநகர் வழியாக இங்கே வந்து மண்டி வைத்தவர். அண்ணன் தம்பி சேர்ந்து நிலம் வாங்கினார்கள். பிறகு சேர்ந்து சண்டை போட்டார்கள். 1980-களின் கடைசியில் தம்பி வழக்குப் போட்டார், அதாவது அக்காவின் மாமனார். தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு வந்த கையோடு இருவரும் சமாதானமாகி, ஆளுக்குப் பாதி என்று வாய்வார்த்தையாக உழுதுகொண்டார்கள். இன்றைக்கு அந்த நிலத்தை வைத்து வங்கியில் கடன் கேட்டால், "பாகம் எங்கே?" என்கிறார்கள். அக்காவின் கையில் இருந்தது வக்கீல் குமாஸ்தா எழுதிய ஒரு போஸ்ட் கார்டு மட்டும்தான். வாயிதா தேதி தெரிகிறது. வழக்கு நம்பர் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

அந்தப் போஸ்ட் கார்டை அப்படியே வைத்துவிட்டு, கொஞ்சம் பழங்கதைக்குப் போய்வருவோம்.

நஞ்சன்கூட்டில் நீதி சொல்வதற்கு முதல் உரிமை ஊர்ச் சாமி ஸ்ரீகண்டேஸ்வரனுக்கு. பட்டத்து யானையின் கண்நோய் தீர்ந்த மகிழ்ச்சியில் திப்பு சுல்தான் இந்தச் சாமியை 'ஹகீம் நஞ்சுண்டா' என்று அழைத்து மரகத லிங்கம் கொடுத்தார் என்பது ஊரறிந்த கதை. ஹகீம் என்றால் வைத்தியர். அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் ஹாகிம். அதற்கு அதிகாரி, நீதி சொல்பவர் என்று பொருள். நெடில் இடம் மாறினால் வைத்தியர் நீதிபதி ஆகிவிடுகிறார். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் 1873ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது: 'அவர் இன்ன சாமி முன்னால் சத்தியம் செய்து சொல்லட்டும், நான் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு கட்சிக்காரர் சொல்லி, எதிர்க்கட்சிக்காரரும் ஒப்புக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால், அந்தச் சொல்லே முடிவான சாட்சியம். தென்னாட்டில் எத்தனையோ கடன் வழக்குகள் கோயில் படிக்கட்டில் கற்பூரத்தை அணைத்து முடிந்திருக்கின்றன. 1969ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அந்தக் கதவைச் சாத்தியது.

மைசூர் சமஸ்தானத்தில் தாலுகாவுக்குத் தலைவர் அமில்தார். தமிழ்நாட்டில் தாசில்தார் என்பதை இங்கே அப்படிச் சொன்னார்கள். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, மார்க் கப்பன் கமிஷனராக இருந்த காலத்தில், வரி வாங்கிய அதே அமில்தார்தான் சிறு வழக்குகளையும் கேட்டார். அவருக்கு மேலே சதர் முன்சீப்புகள், அதற்கு மேலே சூப்பிரண்டெண்டு, உச்சியில் ஹுசூர் அதாலத். வரி பாக்கிக்காக உங்கள் மாட்டை ஓட்டிப்போனவரிடமே மாட்டுக்காக வழக்குப் போடும் நிலைமை என்று சொன்னால் விளங்கும். 1870-களில்தான் முன்சீப்புகள் வந்து சிவில் வழக்குகளை அமில்தாரின் தோளிலிருந்து இறக்கினார்கள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மைசூர், ஹாசன் மாவட்டங்கள் சேர்ந்த அஷ்டகிராம டிவிஷனில், 1868இல் நீதித்துறை சிரஸ்தேதாராக, அதாவது தலைமை எழுத்தராக, வேலைக்குச் சேர்ந்த பாலக்காட்டுத் தமிழர் ஒருவர் பின்னாளில் 18 வருடம் மைசூரின் திவானாக இருந்தார்: கே. சேஷாத்ரி ஐயர். நஞ்சன்கூடும் அந்த டிவிஷனுக்குள் இருந்த ஊர்தான். அவர் திவானாகி அடுத்த வருடம், 1884இல், பெங்களூரில் மூன்று நீதிபதிகளோடு மைசூர் சீஃப் கோர்ட் ஏற்பட்டது. அங்கே நீதிபதியாக இருந்தவர்களில் ஒருவர் டி.ஆர்.ஏ. தம்பு செட்டி. அந்த சீஃப் கோர்ட்டே 1930இல் ஹைகோர்ட் என்று பெயர் மாறியது. இன்றைக்கு அது இருக்கும் சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியை 1860-களில் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அட்டாரா என்றால் பதினெட்டு. பதினெட்டு இலாகாக்கள் குடியிருந்த கச்சேரி. தமிழில் கச்சேரி என்றதும் நமக்கு மிருதங்கம் கேட்கும். கன்னடத்தில் கச்சேரி என்றால் ஆபீஸ். 'கோர்ட்டு கச்சேரி அலைச்சல்' என்று இங்கே ஒருவர் பெருமூச்சு விட்டால் அவர் பாட்டு கேட்கப் போனதாக நினைத்துவிடக் கூடாது.

நஞ்சன்கூட்டு வக்கீல் வீடுகளைப் பற்றிப் பேசும்போது ஒரு வீட்டை விட முடியாது. வழக்கறிஞர் வெங்கடகிருஷ்ண ஐயங்காரின் வீடு. அவருடைய மகள் திருமலாம்பா 1887இல் பிறந்தார். பால்ய விவாகம், பதினான்கு வயதில் கைம்மை. அந்தக் காலத்து வழக்கப்படி அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அப்பா மகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். 1913இல் அந்தப் பெண் 'சதிஹிதைஷிணி' என்ற நூல் வரிசையைத் தொடங்கினார். 1916இல் 'கர்நாடக நந்தினி' என்ற மாத இதழ். கன்னடத்தின் முதல் பெண் பத்திரிகையாளரும் பதிப்பாளரும் ஒரு நஞ்சன்கூட்டு வக்கீலின் மகள். கட்சிக்காரர்கள் திண்ணையில் காத்திருந்த நேரத்தில் உள்ளே ஒரு பெண் புரூஃப் திருத்திக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கோர்ட் வரலாறு என்று போட்டு இதையும் எழுதலாமா என்று யாராவது கேட்டால், வக்கீல் தொழில் இந்த ஊருக்குக் கொண்டுவந்தது வழக்கை மட்டுமல்ல, படிப்பையும் காகிதத்தையும்தான் என்பேன்.

1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலம் விரிந்தது. 1964இல் சிவில் கோர்ட்டுகளுக்கான புதுச் சட்டம் வந்தது. மாவட்ட நீதிபதி, அவருக்குக் கீழே சிவில் ஜட்ஜ், கடைசியில் முன்சீப் என்று மூன்று படி. 1990-களில் பெயர்ப் பலகைகள் மாறின. முன்சீப் என்ற சொல் போய், சிவில் ஜட்ஜ் ஜூனியர் டிவிஷன் வந்தார். பழைய சிவில் ஜட்ஜ் சீனியர் டிவிஷன் ஆனார். ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் முன்சீப் கோர்ட் என்றே சொல்கிறார்கள். இது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அக்காவோடு போனபோதுதான் தெரிந்தது, பழைய பதிவேட்டின் அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். போர்டில் இருக்கும் பெயரைச் சொல்லித் தேடினால் பழைய வழக்கு கிடைக்காது.

இப்போது நஞ்சன்கூடு கோர்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் 'கவுண்டி கோர்ட்' என்று சொல்வார்களே, அதற்கு இங்கே நேர் சமம் கிடையாது. இங்கிலாந்தில் 1846இல் சிறு கடன் வழக்குகளுக்காக ஏற்படுத்திய கவுண்டி கோர்ட்டுகளில் சிவில் வழக்கு மட்டும்தான். நம் தாலுகா கோர்ட்டில் ஒரே நீதிபதி காலையில் வரப்புச் சண்டையில் சிவில் ஜட்ஜ். அதே நாற்காலியில், அந்த வரப்பில் நடந்த அடிதடிக்கு முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட். மாஜிஸ்திரேட்டாக அவர் மூன்று வருடம் வரை சிறை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கொலை போன்ற பெரிய வழக்குகளை விசாரணைக்காக மைசூரு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

சிவில் வழக்கு ஒன்று உள்ளே நுழைவதைக் கவனிப்போம். பிராதும் வக்காலத்தும் வருகின்றன. சிரஸ்தேதார் கோர்ட் ஸ்டாம்பைச் சரிபார்க்கிறார். குறை இல்லையென்றால் ஓ.எஸ். என்று ஒரு நம்பர் விழுகிறது. அந்த நம்பரும் ஆண்டும்தான் வழக்கின் ஜாதகம். அதைத் தொலைத்தவன் கதை அக்காவின் கதை. அமீனா சம்மன் கொண்டுபோகிறார். எதிர்க்கட்சி பதிலுரை கொடுக்க 30 நாள், காரணம் சொன்னால் 90 நாள் வரை. பிறகு எதெது சண்டை என்று நீதிபதி எழுவினாக்களை வகுக்கிறார். சாட்சிகள் முதலில் பிரமாணப் பத்திரமாகத் தங்கள் கதையைக் கொடுத்துவிட்டுக் குறுக்கு விசாரணைக்குக் கூண்டேறுகிறார்கள். வாதம், தீர்ப்பு, டிக்ரி. டிக்ரியை நிறைவேற்றுவதற்குத் தனியாக ஒரு மனு, அதற்குத் தனியாக ஒரு நம்பர். தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போகிறார்.

இந்தப் பயணம் முழுவதையும் நாள்வாரியாகச் சொல்லும் காகிதம் ஒன்று உண்டு. ஆர்டர் ஷீட். வக்கீல் வந்தாரா, சாட்சி வந்தாரா, யார் வாயிதா கேட்டார்கள், நீதிபதி மாற்றலாகிப் போனாரா, எல்லாம் ஒரு வரி, இரண்டு வரியாக அதில் ஏறும். தீர்ப்பைப் படித்தால் யார் ஜெயித்தார் என்று தெரியும். ஆர்டர் ஷீட்டைப் படித்தால் அது ஏன் ஏழு வருடம் ஆனது என்று தெரியும். நகல் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தீர்ப்பை மட்டும் கேட்டு வாங்கிப் போய்விடுகிறார்கள். ஆர்டர் ஷீட்டையும் சேர்த்துக் கேளுங்கள் என்பது என் அனுபவம் தந்த யோசனை.

கன்னடத்தில் ஒரு பழமொழி: 'கெத்தவனு சோத, சோதவனு சத்த'. கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான். செலவும் அலைச்சலும் அப்படி. அதற்காக ஒரு மாற்று வழியும் இதே வளாகத்திலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட தாலுகா சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குழு நடத்தும் லோக் அதாலத் என்ற சமரச மன்றத்தில் சமாதானமானால் கட்டிய கோர்ட் ஸ்டாம்பு பணம் திரும்பி வரும், மேல்முறையீடு கிடையாது. அக்காவின் மாமனார் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட சமாதானத்தைப் பின்னாளிலாவது அங்கே போய் எழுத்தில் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயம் இருந்திருக்காது.

நகல் பிரிவு கவுன்டருக்கு வருவோம்.

"தாவே நம்பர் ஹேளி, அம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். வழக்கு நம்பர் சொல்லுங்கள். அக்கா போஸ்ட் கார்டை நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோர்ட் மொழியில் தமிழனுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். தாவா இங்கே தாவே, வாயிதா இங்கே வாயிதே, நகல் நகலு, ஜாமீன் ஜாமீனு. எல்லாம் நவாபும் மராட்டியரும் இரு பக்கத்துக்கும் விட்டுப்போன சொற்கள். தீர்ப்பு மட்டும் இரண்டு மொழியிலும் நம் வீட்டுச் சொல், தீர்ப்பு என்றே இருக்கிறது.

கட்சிக்காரர் பெயரை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடலாமே என்று நான் கேட்டேன். இ-கோர்ட்ஸ் என்ற தளமும் செயலியும் இருக்கின்றன. நாடு முழுக்க ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு சி.என்.ஆர். எண். கர்நாடகத்துக்கு முதலில் 'கே.ஏ.' என்று வரும். மாவட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் உரிய குறி, பிறகு ஆறு இலக்கம், கடைசி நான்கும் வருடம். அந்த எண் தெரிந்தால் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டே நஞ்சன்கூட்டு வாயிதாவைப் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் பெயர், வக்கீல், எஃப்.ஐ.ஆர். எதை வைத்தும் தேடலாம். ஆனால் நஞ்சன்கூட்டில் பெயர் போட்டுத் தேடுவது என்பது திருப்பதியில் மொட்டைத் தலையைத் தேடுவதுதான். ஊரில் பாதி ஆண்கள் நஞ்சுண்டா, நஞ்சுண்டய்யா, நஞ்சுண்டசாமி, நஞ்சப்பா. பாதிப் பெண்கள் நஞ்சம்மா. ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு எழுத்தைக் கூட்டுவார், இன்னொருவர் குறைப்பார். அதைவிடப் பெரிய சங்கடம், பழைய முடிந்த வழக்குகள் எல்லாம் அதில் ஏறவில்லை. பழைய கட்டுக்குக் கைதான் போக வேண்டும்.

"எந்த வருஷம் தீர்ப்பு வந்துச்சுன்னு நினைவிருக்கா அக்கா?"

"எனக்குக் கல்யாணமான மறுவருஷம், தொண்ணூத்தொண்ணு. மாமா தீர்ப்பு வாங்கிட்டு வந்த அன்னிக்குப் பெரிய தேரு கட்டிட்டிருந்தாங்க. தேர் வேலை நடந்ததால கடைத்தெருவச் சுத்திட்டு வந்தேன்னு சொன்னார்."

கவுன்டர்க்காரருக்கு அது போதுமானதாக இருந்தது. தொட்ட ஜாத்ரே, ஐந்து தேர் ஓடும் பங்குனித் திருவிழா. மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவே முடிந்த வழக்குகள். முன்சீப் கோர்ட் பைசல் பதிவேட்டை எடுத்து வந்து விரல் வைத்துக்கொண்டே இறங்கினார். மூன்றாவது பக்கத்தில் மாமனாரின் பெயர், அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு இருந்தது. பெயரைத் தமிழ் உச்சரிப்பிலேயே கன்னட எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

கோர்ட் ஆவணத்தை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. நீதிமன்றம் திறந்த இடம். தீர்ப்பும் டிக்ரியும் பொது ஆவணங்கள். அவற்றுக்குச் சான்றிட்ட நகல் வாங்கும் வழி 1872 சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 75ஆம் பிரிவு. வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர் நகல் மனு போட்டு, கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். வெளியாளாக இருந்தால் கர்நாடகத்தின் 1967 சிவில் நடைமுறை விதிகள், 1968 கிரிமினல் நடைமுறை விதிகள் இவற்றின்படி, 'எனக்கு ஏன் வேண்டும்' என்று காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். ஒருவர் சான்றாவணமாகத் தாக்கல் செய்த சொந்தப் பத்திரத்தின் நகல், வெளியாளுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கிரிமினல் வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம், கேட்காமலே கொடுக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மார்ச் 4 அன்று வந்த தீர்ப்பு: கோர்ட்டுக்கென்று நகல் விதிகள் இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும், தகவல் சட்டத்தின் வழியாகக் கேட்க முடியாது. மூவர் அமர்வில் தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரரான ஆர். பானுமதி, கூட இருந்தவர்களில் ஒருவர் குடகுக்காரரான ஏ.எஸ். போபண்ணா. எனக்கு அந்தத் தீர்ப்போடு முழு உடன்பாடு இல்லை. காரணம் சொல்லச் சொல்வது, கேட்கிறவனைத் தயங்க வைக்கும். அமெரிக்கக் கவுண்டி கோர்ட்டுகளில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் கிளார்க் ஜன்னலில் போய், ஏன் என்ற கேள்வி இல்லாமல் முடிந்த வழக்கின் கோப்பைக் கேட்கலாம். ஆனால் அந்தத் திறப்புக்கும் ஒரு விலை உண்டு. விவாகரத்தில் ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்ன வசவெல்லாம் ஊருக்கே தெரியும். இங்கே பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குழந்தைகள் இவர்களின் பெயர் வெளியே வரக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். 2017இல் தன் மகளின் பெயர் இணையத் தேடலில் வருகிறது என்று ஒரு தகப்பனார் கேட்டுக்கொண்டபோது கர்நாடக ஹைகோர்ட் அந்தப் பெயரை மறைக்க உத்தரவிட்டது. நஞ்சன்கூடு மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அந்தத் தயக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நிலம் என்றதும் எல்லாக் காகிதமும் கோர்ட்டில் இருக்கும் என்று கிராமத்திலிருந்து வந்து காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பஹணி என்று சொல்லும் சாகுபடிக் கணக்கு தாலுகா ஆபீஸ் சமாசாரம். பூமி திட்டத்தில் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று இரண்டும் சப் ரிஜிஸ்ட்ரார் வீட்டுச் சமாசாரம். காவேரி என்ற தளத்தில் கிடைக்கும். உழுதவருக்கே நிலம் என்று 1974 மார்ச் 1 முதல் குத்தகை நிலமெல்லாம் அரசுக்குச் சேர்ந்து, குத்தகைதாரர்கள் 7ஆம் நம்பர் படிவம் கொடுத்தார்களே, அந்த வழக்குகளைக் கேட்டது தாலுகா நில நியாய மண்டலி. சிவில் கோர்ட்டுக்கு அதில் கை வைக்க அதிகாரமே கிடையாது. அந்தக் கோப்பைத் தேடிக் கோர்ட் ரெக்கார்ட் ரூமில் மூன்று நாள் காத்திருந்தாலும் வராது. மேல்முறையீடு போன வழக்காக இருந்தால் கீழ்க்கோர்ட்டுக் கட்டு மைசூருக்கோ பெங்களூருக்கோ ஏறிப் போயிருக்கும். திரும்பி வந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாக் காகிதமும் என்றென்றைக்கும் இருப்பதில்லை. தீர்ப்பும் டிக்ரியும் நெடுங்காலம் இருக்கும். மற்றத் தாள்கள் அதது அதற்குரிய ஆண்டுக் கணக்கு முடிந்ததும் அழிக்கப்படும். ஆகவே கோர்ட்டில் தாக்கல் செய்த மூலப் பத்திரத்தை வழக்கு முடிந்ததும் மனுப் போட்டுத் திரும்ப வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அக்காவின் கட்டு அழியாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணமே அவருடைய அதிர்ஷ்டம். பாகப்பிரிவினை வழக்கில் டிக்ரி பெரும்பாலும் இரண்டு கட்டமாக வரும். முதல்நிலை டிக்ரி 'உனக்குப் பாதி, அவருக்குப் பாதி' என்று பங்கைச் சொல்லும். இறுதி டிக்ரி, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் அளந்து, வரைபடம் போட்டு, இந்தக் கரையிலிருந்து அந்த மரம் வரை என்று நிலத்தைப் பிரிக்கும். மாமனார் முதல்நிலை டிக்ரியோடு நின்றுவிட்டார். அப்படியானால் சட்டத்தின் கண்ணில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இறுதி டிக்ரி கேட்கக் காலக்கெடு எதுவும் ஓடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது; எழுதியவர் கர்நாடகத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கிய ஆர்.வி. ரவீந்திரன். 2022இல் இன்னொரு அமர்வு, கட்சிக்காரர் தனி மனுப் போடும்வரை காத்திராமல் கோர்ட்டே அடுத்த கட்டத்துக்கு நகர வேண்டும் என்றது. இப்படிப் பாதியில் நின்ற பழைய கட்டுகளை இப்போது பலரும் தேடி வருகிறார்கள். கர்நாடகம் 1994இல் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது, 2005இல் மத்தியச் சட்டமும் கொடுத்தது. அத்தைமார்களின் பங்கு எங்கே என்ற கேள்வி, இறுதி டிக்ரி ஆகாத கட்டைத் திறக்க வைத்துவிடும்.

நகல் மனு எழுதினோம். கோர்ட் பெயர், வழக்கு நம்பர், இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, வேண்டியவை: தீர்ப்பு, டிக்ரி, ஆர்டர் ஷீட், மாமனாரின் சாட்சியம். மாமனார் இறந்துவிட்டதால் அக்காவின் கணவர் வாரிசு என்பதற்குச் சான்று. கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தோம்.

சில நாள் கழித்து நகல் வந்தது. நகலைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை. மனுக் கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி, ஒப்பு நோக்கியவர் கையெழுத்து. இது அலங்காரம் இல்லை. டிக்ரி ஆன நாளிலிருந்து மாவட்டக் கோர்ட்டில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். அந்தக் கணக்கில் நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று 1963 காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கழிப்பதற்கு ஆதாரம் அந்த முத்திரைதான். இணையத்திலிருந்து இறக்கிய தீர்ப்பு படிக்க உதவும்; அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்.

கல்யாணி என்று இங்கே சொல்லும் கோயில் குளத்தின் படிக்கட்டில் இறங்குவதுபோல, பக்கம் பக்கமாக அக்கா இறங்கினார். கன்னடம் பேசுவாரே தவிர வேகமாகப் படிக்க வராது. தீர்ப்பை நான் வாசித்துச் சொன்னேன். சாட்சியத்துக்கு வந்தோம். மாமனார் கூண்டில் நின்று சொன்னதையெல்லாம் கன்னடத்தில் எழுதியிருந்தார்கள்: அண்ணனோடு சேர்ந்து மண்டி வைத்தது, முதல் நிலம் வாங்கியது, அண்ணி கையால் சாப்பிட்டது, கணக்கு நோட்டு காணாமல் போனது. சாட்சி சொன்னவரிடம் பக்கத்தின் கீழே கையெழுத்து வாங்குவது உண்டு. பழைய காலத்து நகலில் அந்த இடத்தில் 'ஒப்பம்' என்று டைப் அடித்துவிடுவார்கள். இப்போது ஜெராக்ஸ் என்பதால் உள்ளது உள்ளபடி வந்திருந்தது.

அக்கா விரலை அங்கே வைத்துவிட்டு எடுக்கவில்லை. கன்னட வரிகள் முடிந்த இடத்தில், கோணலாக, 'ழ'வின் வால் கோட்டுக்கு வெளியே இழுபட, தமிழில் ஒரு கையெழுத்து.

"மாமா எழுத்து" என்றார். பிறகு நகலை மடிக்காமல், டிபன் பையில் நட்டமாக வைத்துக்கொண்டு, வக்கீலைப் பார்க்க மாடிப்படி ஏறினார்.